ஸ்னோ தூங்கிய நேரம்

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? முப்பது வருஷத்துக்கு மேல் முகத்துக்கும் தலைக்கும் பூசும் சாமான்களைச் செய்கிற கம்பெனியில் கெமிஸ்டாக இருந்தவள் நான். டிவியில் ஒரு பெண் தலையைச் சிலுப்பிக்கொண்டு, 'முடிக்கு உள்ளிருந்து ஊட்டம்' என்பாள். தோலை விட்டு வெளியே வந்த முடி செத்த பொருள். அதற்கு யாரும் சாப்பாடு போட முடியாது. வேண்டுமானால் சட்டை போடலாம். கண்டிஷனர் செய்வது அவ்வளவுதான். அடிபட்ட முடியின் மேல் ஒட்டிக்கொண்டு, மெல்லிய சட்டை மாதிரி நிற்கிறது. இதைச் சொன்னால் என் மருமகள், "அத்தை, விளம்பரத்தையாவது நிம்மதியா பார்க்க விடுங்களேன்" என்பாள்.

ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் போன் வந்தது. பழைய முதலாளியின் மகள். இப்போது கம்பெனி அவள் கையில்.

"ஆன்ட்டி, நம்ம பழைய ஸ்னோவைத் திரும்பக் கொண்டு வரலாம்னு இருக்கோம். எல்லாரும் கேட்கறாங்க. ஃபார்முலா அப்படியே இருக்கு. ஆனா வர மாட்டேங்குது."

"வர மாட்டேங்குதுன்னா?"

"வெள்ளையா வருது. அந்த முத்து மாதிரி பளபளப்பு வரவே இல்ல."

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஸ்னோ இல்லை, ஒரு முகம். அந்த முகம் எனக்கு முகம் கொடுத்துப் பேசி இருபத்தாறு வருஷம் ஆகிறது. அதற்குக் காரணம் நான் எழுதிய ஒரு பக்க ரிப்போர்ட். வர முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால், "நாளைக்கு வரேன்மா" என்றுதான் வந்தது.

ஸ்னோ என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் ஒரு ஸ்னோ, ஒரு பவுடர், ஒரு சீப்பு இருந்தால் வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். விரலில் கொஞ்சம் எடுத்து முகத்தில் தேய்த்தால் மாயமாக மறைந்துவிடும். மாயமெல்லாம் இல்லை. அதில் முக்கால் பங்கு தண்ணீர். தேய்க்கத் தேய்க்க அது ஆவியாகிவிடும். மிச்சம் இருப்பது ஸ்டியரிக் ஆசிட் என்ற ஒரு மெழுகுக் கொழுப்பும் கொஞ்சம் கிளிசரினும். அந்தக் கொழுப்பில் ஒரு பங்கைக் காரத்தோடு சேர்த்துச் சோப்பாக்கிவிடுவோம். எண்ணெயும் தண்ணீரும் சண்டை போடாமல் நடுவில் நின்று பார்த்துக்கொள்வது அந்தச் சோப்புதான். மீதிக் கொழுப்பு ஆறும்போது கண்ணுக்குத் தெரியாத தகடுகளாக உறையும். தகடுகள் ஒழுங்காக அமைந்தால் வெளிச்சம் அவற்றில் பட்டுத் திரும்பும். முத்துப் பளபளப்பு என்று பெண்கள் சொன்னது அதைத்தான்.

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். வாசலில் செருப்பை விடும் பலகை கூட மாறியிருந்தது. ஸ்னோ காய்ச்சும் பழைய கொப்பரை இருந்த இடத்தில் பளபளவென்று மூடிய ஒரு இயந்திரம் நின்றது. குளிர்ந்த தண்ணீர் சுற்றி ஓட, இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துக் கொடுத்துவிடும். ஆட்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிடப் போவார்கள். இயந்திரம் நிற்கவே நிற்காது. ஜன்னல் மட்டும் அதே ஜன்னல். வடக்குப் பார்த்தது, காலை ஒன்பது மணிக்கு நிழல் விழாத, சீரான வெளிச்சம் வரும்.

அந்த ஜன்னலுக்குக் கீழேதான் ஸ்னோ அக்கா தினமும் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்காருவாள்.

ஸ்னோ கொப்பரை அவள் பொறுப்பு. அதனால் ஸ்னோ அக்கா. அவளைவிடப் பதினைந்து வயது பெரியவரான முதலாளி கூட, "ஸ்னோ அக்காவைக் கூப்பிடு" என்பார். நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து, அவளுக்கு இருபத்தொன்பது. நாலு பேர் முன்னால் என்னை "மேடம், வாங்க, போங்க" என்பாள். தனியாக இருந்தால் "டெஸ்ட்டு, இங்க வாடி". எதைக் கொடுத்தாலும் டெஸ்ட் செய்கிறேன் என்று உள்ளே தூக்கிக்கொண்டு போவேனாம், அதற்காக வைத்த பெயர்.

புதிதாக எது செய்தாலும் பாதி முகத்தில் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். இடது கன்னத்துக்குப் பழசு, வலது கன்னத்துக்குப் புதுசு. இன்று போட்டால் நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஜன்னலடியில் வைத்து, லென்ஸால் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். இடது: வறட்சி இல்லை. வலது: லேசான சிவப்பு. இப்படி. ஒரே ஆளின் இரண்டு கன்னம் என்பதால் வெயிலும் தூக்கமும் சாப்பாடும் இரண்டுக்கும் பொது. வித்தியாசம் வந்தால் அது கிரீமால் வந்தது என்று நம்பலாம். ஆள் வேண்டும் என்று நான் தயங்கிக்கொண்டு கேட்ட முதல் நாளே, "என் மூஞ்சி சும்மாதானே இருக்கு, எடுத்துக்கோ" என்று வந்து உட்கார்ந்தவள் அவள். ஒன்பது வருஷம் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் கேட்கறாரு, எந்தப் பக்கம் கம்பெனிது, எந்தப் பக்கம் என்னுதுன்னு" என்று சிரிப்பாள். சிரிக்காதே அக்கா, கன்னம் அசைகிறது என்று அதட்டுவேன். இன்னும் சிரிப்பாள். என் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நான் அழுததெல்லாம் அந்த ஜன்னலடியில்தான். லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும் தெரியும். அந்தக் காலை நேரங்கள் எவ்வளவு நன்றாக இருந்தன என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த நாள் வந்தது. வெளியூரிலிருந்து பெரிய வியாபாரி ஒருவர் மூன்று மணிக்கு வருவதாக முதலாளி சொன்னார். அவர் கண் முன்னால் ஸ்னோ டப்பாவில் இறங்க வேண்டும். கொப்பரை அதன் போக்கில் ஆறினால் நாலு மணி ஆகிவிடும். எனக்கு முப்பத்து நாலு வயது, தலையில் கொஞ்சம் கனமும் இருந்தது. கொப்பரையின் வெளிச்சுற்றில் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னேன். "சாப்பாட்டுக்குப் போக வேண்டாம் அக்கா, நிறுத்தாம கிளறுங்க" என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் அதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டேன். மூன்று மணிக்கு ஸ்னோ தயார். வியாபாரி முதலாளியின் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் சரக்கு திரும்பி வர ஆரம்பித்தது. பளபளப்பு இல்லை. விரலால் தொட்டால் ரவை மாதிரி நெருடுகிறது. முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. காரணம் எழுதிக் கொடு என்றார்.

எடை சரி, சரக்கு சரி, சூடு சரி. எல்லாவற்றையும் பார்த்தேன். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் ஒரே வரிதான் சொன்னாள்.

"அன்னிக்கு அதைத் தூங்க விடல மேடம்."

முதலாளி பக்கத்தில் இருந்தார். நான் சிரித்துவிட்டேன். "ஸ்னோவுக்கு என்ன தூக்கம் அக்கா?" என்றேன். முதலாளியும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

'கலவையாளர் கிளறும் வேகத்தைச் சீராக வைக்கவில்லை' என்று எழுதினேன். தண்ணீர் திறக்கச் சொன்னதை எழுதவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்தேன். தெரியாமல் எழுதினேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. சம்பந்தம் இல்லாத விஷயம் என்றால் அதை எழுதுவதற்கு என் கை ஏன் தயங்க வேண்டும்? பூசி மெழுகிவிட்டு, கலவையாளர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டி அவளிடம் பேனாவை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். லேபிள் ஒட்டும் மேஜைக்கு மாற்றினார்கள். அவள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனவள்தான், திரும்ப வரவில்லை.

அன்று காலைதான் அவள் வலது கன்னத்தில் ஒரு புதுக் கிரீம் போட்டிருந்தேன். மறுநாள் ஒன்பது மணிக்கு ஜன்னலடியில் யாரும் இல்லை. நோட்டில் தேதியை எழுதி, இடது, வலது என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

அவள் போன பிறகு ஸ்னோ சரியாகவே வரவில்லை. வேகமாக வேலை முடிகிறதே என்று தண்ணீர் திறப்பதை நானே விதியாக்கியிருந்தேன். ஒரு வருஷத்தில் முதலாளி ஸ்னோவை நிறுத்திவிட்டு லோஷனுக்கு மாறினார். ஜனங்களுக்கு ரசனை மாறிவிட்டது என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

அவள் வீடு எனக்குத் தெரியும். கம்பெனியிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப். இருபத்து நாலு வருஷம் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெரு வரும்போது எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

இப்போது புது இயந்திரத்தில் மூன்று முறை செய்து பார்த்தோம். முத்துப் பளபளப்பு செய்த அன்றே வராது. உறைந்த தகடுகள் ஒழுங்காக அமைய நாலைந்து நாள் ஆகும். ஒவ்வொரு முறையும் காத்திருந்து திறந்தால் உள்ளே வெள்ளைக் களி. ஸ்டியரிக் ஆசிட்டை மாற்றினேன். காரத்தைக் கூட்டிக் குறைத்தேன். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தும் பளபளப்பு வருவதாக இல்லை. முதலாளியின் மகள், இப்போது சின்ன முதலாளி, ஒவ்வொரு முறையும் காபி கொடுத்தாள். அந்தப் பொறுமைதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஐந்தாவது வாரம், மாடி ஸ்டோரிலிருந்து பழைய பேட்ச் புத்தகங்களைக் கொண்டு வரச் சொன்னேன். கொப்பரையில் எந்த மணிக்கு எத்தனை டிகிரி, என்ன சேர்த்தோம் என்று வரிவரியாக எழுதும் புத்தகம். ஸ்னோ அக்காவின் கையெழுத்து, பொடிப் பொடியாக, கோட்டைத் தாண்டாமல் இருக்கும். என்ன சேர்த்தாள், எவ்வளவு சேர்த்தாள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எல்லாம் ஃபார்முலா சொன்னபடிதான்.

புத்தகத்தை மூடப் போகும்போதுதான் மணி கண்ணில் பட்டது.

12.30, 58 டிகிரி. அடுத்த வரி, 1.30, 51 டிகிரி. பக்கத்தைப் புரட்டினேன். 12.30, 58. 1.30, 51. அடுத்த பக்கமும் அப்படித்தான். மற்ற நேரமெல்லாம் பத்து நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாள். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. ஒன்பது வருஷப் புத்தகங்களில் புரட்டிய எந்தப் பக்கத்திலும் இல்லை.

அது சாப்பாட்டு மணி. கிளறும் துடுப்பை நிறுத்தி, மூடியைப் போட்டு, அவள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஐம்பத்தைந்து டிகிரியை ஒட்டித்தான் அந்தக் கொழுப்பு உறையத் தொடங்கும். அந்த நேரத்தில் கொப்பரையை யாரும் தொடாமல், அது மெதுவாக ஆறினால் தகடுகள் பெரிதாக, தட்டையாக, நிதானமாக வளரும். அவசரமாகக் குளிர வைத்து அப்போது கிளறினால் நொறுங்கிய துகள்தான் மிஞ்சும். பின்னால் அது ரவையாகத் திரளும். இது பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். பரீட்சையில் நானே எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஃபார்முலாவில் இல்லாத எதுவும் கொப்பரையில் நடக்கவில்லை என்பது என் நம்பிக்கை. எழுதியிருப்பதைப் படிக்கத்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் தேதியைத் தேடி எடுத்தேன். 12.30, 58 டிகிரி. 12.50, 44 டிகிரி. இரண்டுக்கும் நடுவில் சாய்ந்த பெரிய எழுத்தில், 'குளிர்நீர் திறக்கவும். நிறுத்தாமல் கிளறவும்.' கீழே என் சுருக்கக் கையெழுத்து.

அவள் அன்றைக்குச் சொன்னது ஒரு வார்த்தை பிசகாத விஞ்ஞானம். நான் அதற்குத்தான் சிரித்தேன்.

அன்று மதியமே புது இயந்திரத்தை ஐம்பத்தெட்டு டிகிரியில் நிறுத்தச் சொன்னேன். சின்ன முதலாளி பதறினாள்.

"ஆன்ட்டி, ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்தினா ஆளுங்க என்ன செய்வாங்க?"

"சாப்பிடுவாங்க. எல்லாரும் ஒண்ணா."

ஐந்தாம் நாள் டப்பாவைத் திறந்து ஜன்னலடியில் சாய்த்தேன். முத்து மாதிரி மின்னியது. சின்ன முதலாளி கைதட்டினாள், என்னைக் கட்டிக்கொண்டாள். ஒரு டப்பாவில் ஸ்னோவை எடுத்துக்கொண்டு, பேட்ச் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். இந்த முறை பஸ்ஸில் அந்தத் தெருப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தேன்.

கதவைத் திறந்தது அவள்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. கன்னம் இரண்டும் கொஞ்சம் தொங்கியிருந்தன. ஆனால் தோல் நன்றாக இருந்தது. எனக்கு முதலில் அதுதான் பட்டது. என் புத்தி அப்படி.

"வாங்க மேடம்," என்றாள்.

பக்கத்தில் யாரும் இல்லாதபோது அவள் என்னை மேடம் என்று சொன்னதே கிடையாது. அதற்கு அவள் கதவைச் சாத்தியிருக்கலாம், அவ்வளவு வலித்திருக்காது.

உட்கார்ந்தேன். தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்றாள், நான் சௌக்கியம் என்றேன். பேட்ச் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன்.

"அக்கா, தண்ணி திறக்கச் சொன்னது நான். ரிப்போர்ட்ல அதை எழுதல. தப்பை உங்க மேல போட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. அதைத் தூங்க விடல."

அவள் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். தன் எழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியுமே," என்றாள். "அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க? ஒரு சத்தம் போட்டிருக்கலாமே?"

"வேற யாராவது பேனாவை நீட்டியிருந்தா மூஞ்சியில விட்டெறிஞ்சிருப்பேன். நீட்டினது நீ."

எனக்கு அழுகை வந்தது, மறைப்பதற்குக் கையில் லென்ஸ் கூட இல்லை. அவள் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அழுது முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி அக்கா கண்டுபிடிச்சீங்க, அது தூங்கணும்னு?"

"கண்டுபிடிச்சாங்களாம்! நீ வரதுக்கு முன்னாடி, சேர்ந்த புதுசுல, பயந்துகிட்டு சாப்பிடப் போகாம கிளறிட்டே இருந்தேன். களியா வந்துச்சு. மறுநாள் பசி தாங்கல, மூடி வெச்சிட்டு ஓடிட்டேன். ஜம்முனு வந்துச்சு. நம்பிக்கை இல்லாம இன்னொரு வாட்டி ரெண்டு விதமாவும் செஞ்சு பார்த்தேன். அப்புறம் அதையும் தூங்க விட்டேன், நானும் நிம்மதியா சாப்பிட்டேன். உன்கிட்ட சொல்லணும்னு தோணல. உனக்குத் தெரியாததா இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல."

பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். அவள் அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எடுத்து, மூடியைத் திறந்து, ஜன்னலுக்குக் கொண்டு போய் மெல்லச் சாய்த்தாள். ஒளி அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது. முகர்ந்தாள். விரல் நுனியில் ஒரு துளி எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தாள். நெருடல் இருக்கிறதா என்று அவள் பார்ப்பது அப்படித்தான்.

"ஒரு மணி நேரமா?"

"ஒரு மணி நேரம். யாரும் தொடல."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். இன்னொரு துளி எடுத்து இடது கன்னத்தில் மட்டும் வைத்து, மேல்நோக்கித் தேய்த்தாள், மறையும் வரை. வலது கன்னத்தைத் தொடவில்லை. டப்பாவை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"அந்தப் பக்கம் அக்கா?"

"அந்தப் பக்கம் சும்மா இருக்கட்டும். வித்தியாசம் தெரிய வேண்டாமா?" என்றவள் எழுந்து, என் முன்னாலிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வந்து பாரு, டெஸ்ட்டு. லேட் ஆச்சுன்னா கழுவிடுவேன்."

மறுநாள் எட்டே முக்காலுக்கே அவள் வாசலில் நின்றேன். கைப்பையில் லென்ஸும், ரிட்டையர் ஆனபோது வீட்டுக்கு எடுத்து வந்த, ஒரு வரி காலியாக இருந்த பழைய நோட்டும் இருந்தன.